ஓகஸ்ட் வெயிலில் அம்மம்மாவின் லவ் கேக்

கேள்வி சுருக்கமாக இதுதான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து சொந்தக்காரர் ஓகஸ்டில் யாழ்ப்பாணம் வருகிறார்கள். கோண்டாவில் வீட்டில் ஒருநாள் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு, நாற்பது பேர் மட்டில். அம்மம்மா செய்யும் லவ் கேக்கை அன்றைக்குச் செய்து வைக்க ஆசை. அவருடைய கொப்பியில் இருப்பது சாமான் கணக்கு மட்டும்: ரவை 1 றாத்தல், பட்டர் 1 றாத்தல், சீனி 2 றாத்தல், கஜு 1 றாத்தல், பூசணி தோசி 1 றாத்தல், முட்டை மஞ்சள் 25, வெள்ளை 10, தேன், பன்னீர், வாசனைச் சாமான். கீழே ஒரேயொரு வரி: "மெல்லிய சூட்டில் வேகவிடவும்." வீட்டில் இருப்பது மேசையில் வைக்கும் சின்ன கரண்ட் அவன். இதுவரை செய்து பழகியது பட்டர் கேக் மட்டும். சரிவருமா என்று கேட்கிறீர்கள்.

சரிவரும். ஆனால் ரவை வாங்கக் கடைக்குப் போகும் முன்னர் கலண்டரைப் பாருங்கள். ஓகஸ்ட் என்றால் யாழ்ப்பாணத்தில் அனேகமாக நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலம். கொடியேறினால் தீர்த்தம் வரை 25 நாட்கள், அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் அடுப்பில் ஏறாது. முட்டையும் மச்சக் கணக்கில்தான். நாற்பது பேரில் பாதிப்பேர் விரதம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு எழும்பினால், இத்தனை முட்டை அடித்த கைக்கு என்ன மரியாதை? திருவிழாத் திகதி ஒவ்வொரு வருடமும் மாறும். கொடியேற்றத்துக்கு முன்னுள்ள ஒரு நாளையோ, பூங்காவனமும் முடிந்த பிறகுள்ள ஒரு நாளையோ எடுங்கள். அதற்குள்ளும் வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை வேண்டாம். வீட்டில் யாருடைய திவசமாவது அந்தக் கிழமையில் வருகிறதா என்று பெரியம்மா, மாமிமாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணச்சீட்டைத் திருவிழாவை வைத்தே போட்டிருப்பார்கள், ஆகவே தேர் தீர்த்தம் முடிந்து திரும்பிப் போவதற்கு இடையிலுள்ள இரண்டு மூன்று நாள்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அமைந்தால் அதிர்ஷ்டம்.

இனிக் கேக்குக்கு வருவோம். பட்டர் கேக் செய்து பழகியவர்களுக்கு லவ் கேக்கில் முதலில் மறக்கவேண்டியது, அது எழும்பவேண்டும் என்ற எண்ணம். இதில் கோதுமை மா இல்லை. ரவையில் கலவையைப் பிடித்து நிறுத்தும் பசைத்தன்மையும் அவ்வளவாக எழும்பாது. பேக்கிங் பவுடர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. போட்டால் கொஞ்சம் எழும்பும், பிறகு நடு இறங்கும், வெட்டும்போது உதிரும். மேலே மெல்லிய மண்ணிறப் பொருக்கு, உள்ளே ஈரமாக, பல்லில் கஜு தட்டுப்பட, பிட்டால் லேசாக ஒட்டவேண்டும். அதுதான் லவ் கேக். உலர்ந்துபோன லவ் கேக்கை ரவைக் கேக் என்று சொல்லிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது ஈரத்தைக் காப்பாற்றுமா, போக்குமா?

இந்த இனிப்பு எப்படி இங்கே வந்தது என்பதற்குப் பெரும்பாலும் போத்துக்கேயரைக் கைகாட்டுவார்கள். அவர்கள் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து எடுத்தார்கள். கஜு மரம் பிரேசிலிலிருந்து போத்துக்கேயர் கையால் ஆசியாவுக்கு வந்தது. கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் கிழக்கின் வாசனைகள். இவை எல்லாம் ஒரு தட்டில் சேர்ந்தது எப்போது, யார் வீட்டில் என்று தேடப் புறப்பட்டால் கேக் ஆறிவிடும். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் வேதக்கார வீடுகளில் நத்தாருக்கும், சைவ வீடுகளில் கலியாணம், பிறந்தநாளுக்கும் செய்கிறார்கள். கலியாண வீட்டில் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிச் சிறு துண்டாகக் கையில் தருவது உங்களுக்கும் நினைவிருக்கும்.

கொப்பியின் கணக்கை இன்றைய அளவுக்கு மாற்றுவதில் கவனமாக இருங்கள், பிழை வரக்கூடிய இடம் இதுதான். ஒரு றாத்தல் 454 கிராம். கடையில் பட்டர் 227 கிராம் பெட்டியாகவும் வரும், 200 கிராம் பெட்டியாகவும் வரும். 227 என்பது பழைய அரை றாத்தலேதான். 200 கிராம் பெட்டி இரண்டை வாங்கி ஒரு றாத்தல் என்று போட்டால் 54 கிராம் குறைந்துவிடும், இந்தக் கேக்கில் அது நன்றாகத் தெரியும். முட்டைக் கணக்கை அப்படியே எடுக்கவேண்டாம். அம்மம்மா காலத்தில் 25 என்றால் அது வளவில் நின்ற ஊர்க்கோழியின் முட்டை. இப்போது கடையில் வாங்கும் பண்ணை முட்டை அதைவிடப் பெரிது. அதில் 20 மஞ்சள் போதும், வெள்ளை 7. ஊர்க்கோழி முட்டையே கிடைக்கிறதென்றால் கொப்பியின் கணக்கை மாற்றவேண்டியதில்லை, மஞ்சளின் நிறமும் அருமையாக வரும்.

சீனி இரண்டு றாத்தல் என்பது அந்தக் காலத்து நாக்குக்கு. தோசியிலும் தேனிலும் வேறு இனிப்பு இருக்கிறது. நான் ஒன்றரை றாத்தலுக்கு, அதாவது 680 கிராமுக்கு இறக்குவேன். அதற்குக் கீழே இறங்கமாட்டேன். சீனி ஈரத்தைப் பிடித்து வைக்கும், கேக் சீக்கிரம் பழுதாகாமலும் காக்கும். சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்காகச் சீனியைப் பாதியாக்கிச் செய்தால் அவர்களுக்கும் அது மருந்தாகாது, மற்றவர்களுக்கும் கேக் கிடைக்காது. அவர்களுக்குத் துண்டைச் சிறிதாக வெட்டுங்கள்.

இந்த மொத்தக் கணக்கை ஒரே தட்டில் ஊற்றவேண்டாம். இரண்டாகப் பிரித்து, எட்டுக்குப் பத்து அங்குலத் தட்டு இரண்டில், இரண்டு நாளில் செய்யுங்கள். சின்ன அவனில் இரண்டு தட்டு ஒன்றாக வைத்தால் மேல் தட்டு கருகும், கீழ்த் தட்டு வேகாது. ஒரே நாளில் கலந்து ஒன்று வேகும்வரை மற்றதை வெளியே வைத்தால் அடித்த வெள்ளைக்கரு அடங்கிப்போகும், பச்சை முட்டைக் கலவையை ஓகஸ்ட் வெக்கையில் ஒன்றரை மணித்தியாலம் வைப்பதும் நல்லதல்ல. ஆகவே ஒரு தட்டுக்கு: ரவை 225 கிராம், பட்டர் 225, சீனி 340, கஜு 225, தோசி 225, பண்ணை முட்டை மஞ்சள் 10, வெள்ளை 3 அல்லது 4. தேன் இரண்டு மேசைக்கரண்டி, ரோஸ் வாட்டர் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய்த் தூள் ஒரு தேக்கரண்டி, கறுவாத் தூளும் சாதிக்காய்த் தூளும் அரை அரை, கராம்புத் தூள் கால், ஒரு தேசிக்காயின் பச்சைத் தோல் துருவல். தேசிக்காய்த் தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதி வரக்கூடாது, கைக்கும். உப்பு வேண்டாம், இங்கே கிடைக்கும் பட்டரில் பெரும்பாலும் உப்பு இருக்கிறது. தட்டு ஒன்றில் முப்பது துண்டு வரும், இரண்டிலும் அறுபது. நாற்பது பேருக்கு அது காணும், கட்டிக் கொடுக்கவும் மிஞ்சும்.

பன்னீர் பற்றி ஒரு எச்சரிக்கை. கலியாண மண்டபத்தில் தெளிக்கிற பன்னீரும் சாப்பாட்டுக்குப் போடுகிற ரோஸ் வாட்டரும் ஒன்றல்ல. பூசைச் சாமான் கடையில் வாங்கிய போத்தலை எடுத்துக் கேக்கில் ஊற்றவேண்டாம். சாப்பாட்டுக்கானது என்று லேபலில் இருப்பதை வாங்குங்கள். ரோஸ் எசன்ஸ்தான் கிடைத்தது என்றால் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கேக் சோப்பு மணக்கும்.

கஜுவை மிக்ஸியில் போடாதீர்கள். மிக்ஸி பாதியை மாவாக்கும், பாதியை முழுசாக விடும், மாவானது எண்ணெய் கக்கும். பலகையில் வைத்துக் கத்தியால் மிளகளவுக்குக் கொத்துங்கள். அலுப்பான வேலைதான். இதற்குத்தான் வெளிநாட்டு மச்சாள்மாரும் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், முதல்நாள் பின்னேரம் விறாந்தையில் ஆளுக்கொரு கத்தியும் பலகையும் கொடுத்து இருத்திவிடுங்கள், கதையோடு கதையாக முடிந்துவிடும். விலையைப் பார்த்துக் கஜுவுக்குப் பதில் கச்சான் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். போடலாம், அது கச்சான் கேக்.

தோசி என்பது நீற்றுப்பூசணிக்காயைச் சீனிப்பாகில் காய்ச்சி உலர்த்தியது. பெரிய பலசரக்குக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும், துருவியோ மிகப் பொடியாக வெட்டியோ போடவேண்டும். பல வீடுகளில் இது கிடைக்காத காலத்தில் விட்டுவிட்டார்கள், பிறகு விட்டதே பழக்கமாகிவிட்டது. உங்கள் கொப்பியில் இருப்பதால் விடாதீர்கள். ஈரத்தைக் காப்பதில் பெரிய பங்கு இதற்குத்தான். கிடைக்காவிட்டால் நீற்றுப்பூசணியைத் துருவிப் பிழிந்து, சம நிறைச் சீனியோடு மெல்லிய நெருப்பில் நீர் வற்றிக் கரண்டியில் ஒட்டும்வரை கிண்டி எடுங்கள். கடைத் தோசியைவிட ஈரம் கூட இருக்கும், அதனால் 225 கிராமுக்குப் பதில் 180 போதும்.

இப்போது செய்முறை. இதில் அம்மம்மாமாரின் முறையும் பட்டர் கேக் முறையும் பிரிகிற இடம் ஒன்று இருக்கிறது. பட்டர் கேக்குக்குப் பட்டரையும் சீனியையும் சேர்த்து நுரைக்க அடிப்போம். பட்டர் குளிர்ச்சியாக, ஆனால் இளகி இருந்தால்தான், 20 பாகை மட்டில் இருந்தால்தான், அதற்குள் காற்றுப் பிடிபடும். ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக் குசினியில் பகலில் 30 பாகைக்கு மேலே நிற்கும். பட்டர் வெளியே எடுத்த சொற்ப நேரத்தில் எண்ணெயாகத் தொடங்கிவிடும், எவ்வளவு அடித்தும் பலன் குறைவு. லவ் கேக்கில் அந்தத் தொல்லையே இல்லை. பட்டர் சீனியோடு சேர்வதில்லை, சூடான ரவையோடு சேர்கிறது. காற்றை முட்டை கொண்டுவருகிறது. இந்த வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கேக் எனக்குத் தெரியவில்லை.

முதல்நாள் இரவு ரவையைத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறுங்கள். வாசம் வரவேண்டும், நிறம் மாறக்கூடாது. உப்புமாவுக்கு வறுக்கிற பதத்துக்குச் சற்று முன்னால் இறக்குவது நல்லது. இறக்கிய சூட்டோடு பட்டரைப் போட்டுக் கிளறினால் தானாக உருகி ஒவ்வொரு மணியையும் சுற்றிக்கொள்ளும். பட்டரில் கொஞ்சம் நீரும் உண்டு, ஆறுக்கு ஒரு பங்கு மட்டில், ரவை அதையும் மெதுவாகக் குடிக்கும். மூடி வைத்துவிட்டுப் படுக்கலாம். அன்றே செய்வதானால் குறைந்தது இரண்டு மூன்று மணித்தியாலம் வைக்கவேண்டும். ஊறாத ரவை அவனுக்குள் போய்த்தான் முட்டையின் ஈரத்தைக் குடிக்கும், அப்போது கேக் வறண்டு பல்லில் நறநறக்கும்.

காலையில் மஞ்சட்கருவையும் சீனியையும் அடியுங்கள். இங்கே கிடைக்கும் சீனி பருமணி, கரையப் பஞ்சிப்படும். மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சேர்த்தால் வேலை பாதி. பீற்றர் இருந்தால் பத்து நிமிடம், கையால் என்றால் ஆளை மாற்றி ஆள் அடிக்கவேண்டும். மஞ்சள் நிறம் வெளிறி, கெட்டியாகி, கரண்டியிலிருந்து நாடாவாக விழவேண்டும். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் சீனி அவ்வளவாக நெருடக்கூடாது. கரையாத சீனி கீழே இறங்கி அடியில் பாகாகிக் கருகும். பிறகு ஊறிய ரவையைக் கட்டியில்லாமல் உதிர்த்துச் சேருங்கள், கஜு, தோசி, தேன், ரோஸ் வாட்டர், வாசனைத் தூள், தேசிக்காய்த் தோல் எல்லாம் போட்டுக் கலந்து அரை மணித்தியாலம் விடுங்கள். கலவை இறுகத் தொடங்கும். பயப்படவேண்டாம், அதுதான் வேண்டும்.

அந்த அரை மணித்தியாலத்தில் தட்டை ஆயத்தம் பண்ணுங்கள். பழைய ஆட்கள் தட்டின் அடியிலும் பக்கத்திலும் நாலைந்து மடிப்புப் பத்திரிகைத் தாள் வைத்து, அதற்கு மேல் எண்ணெய்க் கடதாசி போடுவார்கள். அது வெறும் ஒட்டாமலிருப்பதற்கு என்று நினைத்துப் பலர் ஒரு தாளோடு நிறுத்துகிறார்கள். தகரம் சூட்டை நேரே கேக்கின் ஓரத்துக்குக் கடத்தும், மடித்த தாள் அதைத் தடுத்து மெதுவாக்கும். ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். பத்திரிகையின் மை கேக்கில் படக்கூடாது, ஆகவே மேல்தாள் கேக்குக்குரிய கடதாசியாகவே இருக்கட்டும். பத்திரிகைக்குப் பதிலாக மண்ணிறக் கடதாசி பாவித்தால் இன்னும் நல்லது.

கடைசியில் வெள்ளைக்கரு. துளி மஞ்சளும் துளி எண்ணெயும் படாத ஏனத்தில், தூக்கினால் நுனி நிற்கும் பதத்துக்கு அடித்து, மூன்று தரமாகக் கலவையில் மடியுங்கள். முதல் பங்கைத் தயங்காமல் கலக்கலாம், கெட்டிக் கலவை இளகுவதற்கு அது உதவும். மற்ற இரண்டையும் அடியிலிருந்து மேலே அள்ளி, மெதுவாக. உடனே தட்டில் ஊற்றி அவனுக்குள்.

சூடு 150 பாகை. உங்கள் அவனில் காற்றாடி ஓடுமென்றால் 140. சின்ன அவன்களின் திருகு காட்டுகிற எண்ணை நம்பமுடியாது. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு வழி: சீனி உருகுவது 186 பாகையில். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சீனியை வைத்து, திருகை 180இல் விட்டுக் கால் மணித்தியாலம் பாருங்கள். உருகிவிட்டால் உங்கள் அவன் சொல்வதைவிடக் கூடச் சுடுகிறது, அந்த அளவுக்குத் திருகைக் குறைக்கவேண்டும். திருகை 195க்கு ஏற்றியும் உருகவில்லை என்றால் குறைவாகச் சுடுகிறது. தட்டை நடுவிலோ அதற்குக் கீழ்ப்படியிலோ வையுங்கள். நாற்பது நிமிடத்தில் மேலே மண்ணிறம் வந்துவிடும், அப்போது அலுமினியத் தாளை மேலே தொய்வாகப் போட்டு மூடுங்கள். மொத்தம் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை எடுக்கும்.

எடுக்கிற நேரத்தை முடிவு செய்வதுதான் கஷ்டம். பட்டர் கேக்கில் ஈர்க்கைக் குத்தி, சுத்தமாக வந்தால் எடுப்போம். லவ் கேக்கில் ஈர்க்கு சுத்தமாக வந்தால் பிந்திவிட்டது. ஓரத்தில் குத்தினால் சுத்தமாகவும், நடுவில் குத்தினால் நாலைந்து ஈரத் துணுக்கு ஒட்டியும் வரவேண்டும். ஈரக் கலவையாக வழிந்து வந்தால் மட்டும் இன்னும் பத்து நிமிடம். மேலே தட்டினால் பொருக்கு மெல்லிய சத்தம் போடும், தட்டை ஆட்டினால் நடு குலுங்காது. நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், தேனும் சீனியும் உள்ள கேக் எப்போதும் வெந்ததைவிடக் கூட வெந்ததாகத் தோன்றும். எடுத்த பிறகும் தட்டின் சூட்டில் அது வேகும். தட்டிலேயே முழுவதும் ஆறட்டும். சூட்டோடு கவிழ்த்தால் உடையும், வெட்டினால் உதிரும்.

எந்த நேரத்தில் அவனைப் போடுவது என்பதையும் யோசியுங்கள். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏற முன்னர் வேலை முடிந்துவிடும். பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை எல்லா வீடுகளும் கரண்டை இழுக்கிற நேரம், சில ஒழுங்கைகளில் மின்னழுத்தம் இறங்கி அவன் சூடேறாமல் தூங்கும். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்கவே வேண்டாம். 150 பாகையில் வேகிற கேக் என்பதால் மூடிய அவனுக்குள் இருக்கிற சூட்டிலேயே கொஞ்ச நேரம் வெந்துகொண்டிருக்கும், வந்ததும் தொடரலாம்.

அவனே சரியில்லை என்றால் அருகிலுள்ள விறகுப் போறணைப் பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் அவன் இல்லாத காலத்தில் கேக் தட்டைச் சைக்கிளில் கட்டிப் பேக்கரிக்குக் கொண்டுபோனவர்கள்தான் நம் ஊரில் அதிகம். பாண் எடுத்து முடிந்து இறங்கிக்கொண்டிருக்கும் போறணைச் சூடு இந்தக் கேக்குக்கென்றே செய்த மாதிரி இருக்கும். பாண் வேகிற முழுச் சூட்டில் மட்டும் வைக்கவிடாதீர்கள். இன்னொரு வழியும் உண்டு. பெரிய தாச்சியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, தட்டையான மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருடங்களில் பிறந்தநாள் கேக்குகள் இப்படி வெந்தவைதான். இதில் கீழ் நெருப்பு மெல்லியதாகவும் மேல் தணல் அதைவிடச் சற்றுக் கூடவும் இருக்கவேண்டும். பழகிய கை பக்கத்தில் இல்லாவிட்டால் நாற்பது பேர் வருகிற அன்றைக்கு இதைப் பரீட்சிக்கவேண்டாம்.

லவ் கேக்கைச் சாப்பிடுகிற அன்றே செய்வது வீண். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஏலமும் ரோஸும் தோசியும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிச் சுவை திரளும். கூடல் ஞாயிறு என்றால் வியாழன் ஒரு தட்டு, வெள்ளி ஒரு தட்டு. வெள்ளிக்கிழமை முட்டை உடைக்காத வீடென்றால் புதனும் வியாழனும். ஆறியதும் காற்றுப்போகாத ரின்னில் வையுங்கள். சீனி கூடிய கேக் என்பதால் வெளியே நாலைந்து நாள் இந்த வெக்கையிலும் தாங்கும். அதற்குமேல் என்றால் குளிர்ப்பெட்டி, பரிமாற ஒரு மணித்தியாலத்துக்கு முன் வெளியே. எறும்புக்கு மட்டும் ஒரு வழி பண்ணவேண்டும். ரின் எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் அது மோப்பம் பிடித்து வரும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் ரின்னை வையுங்கள்.

வெட்டுவதற்கு மெல்லிய நீளக் கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். அறுக்காமல் நேரே கீழே அமத்தி வெட்டினால் கஜு இழுபடாது. நீளப்பாட்டில் ஆறு, அகலப்பாட்டில் ஐந்து. ஐஸ்கிரீமோடு கொடுக்கலாமா என்று இளசுகள் கேட்கும். அவர்கள் எப்படியும் நல்லூருக்குப் பக்கத்தில் ரியோவுக்குப் போகத்தான் போகிறார்கள், அதை அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கேக்குக்கு வெறுந்தேத்தண்ணி, சீனி இல்லாமல். வெயில் நேரத்தில் என்றால் உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர்.

முட்டை தொடாதவர்கள் நாற்பது பேருக்குள் எப்படியும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களுக்காக முட்டையில்லாத லவ் கேக் தேடி அலையாதீர்கள், இதில் முட்டையை எடுத்தால் மிச்சம் கேசரிதான். ஓகஸ்ட், செப்ரெம்பரில் பனம்பழம் விழுகிற காலம். களியைப் பிசைந்து சீனியும் மாவும் சேர்த்துப் பனங்காய்ப் பணியாரம் சுட்டு வையுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் அநேகமாகக் கேக்கை விட்டுவிட்டு அதில்தான் கை வைப்பார்கள், ஆகவே சைவக்காரருக்கென்று கொஞ்சத்தை முதலே எடுத்து ஒளித்துவிடுங்கள்.

மிஞ்சுகிற வெள்ளைக்கரு பண்ணை முட்டைக் கணக்கில் பதின்மூன்று. கொட்டவேண்டாம். வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு அன்று காலைப் பாணுக்குப் பொரித்துவிடலாம், அல்லது மூடிய டப்பாவில் உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். பன்னீர், தேன் அளவுகளைக் கொப்பியில் எழுதாமல் விட்டது மறதியாக இருக்காது, கைக்கணக்காக இருக்கும். பெரியம்மா யாராவது அம்மம்மாவோடு நின்று செய்திருந்தால் முதல் தட்டின் கலவையை நுனிவிரலில் தொட்டு மணக்கக் கொடுங்கள். கூட்டவோ குறைக்கவோ சொன்னால் அந்த அளவை அதே பக்கத்தில் கிராமிலும் கரண்டியிலும் எழுதிவையுங்கள்.